எல்சன்பர்க் கோட்டையில் ஒரு பிறந்தநாள்

கேக் பெட்டியின் ஒரு மூலை நனைந்துவிட்டது. தோனிஸ் அதை ஒரு கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் சைக்கிளைப் பூட்டிக்கொண்டு, கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு எல்சன்பர்க் கோட்டையின் அகழிப் பாலத்தில் நின்றான்.

"நான் வர இன்னும் நேரமாகும். கரைமேட்டு ரோடு பூரா செம்மறியாடு," என்றாள் மார்லூஸ். "நீ உள்ள போயிடு."

"நீ இல்லாமயா? உங்க ஆளுங்க ஒருத்தரையும் நான் பாத்தது கிடையாதே!"

"அப்பாவைக் கண்டுபிடிக்கறது ஈஸி. வெள்ளை மீசை. வெயில் கொளுத்தினாலும் மழைக்கோட்டைக் கழட்ட மாட்டார். பிறந்தநாள் ரென்ஸ்கா அத்தைக்கு, அவங்க ஆசைக்காகத்தான் உங்க ஊர்க் கோட்டையில கூடம் வாடகைக்கு எடுத்திருக்கோம். இருக்கறதுலயே வயசானவங்க. கேக்கை அவங்க கையில குடு. அப்புறம் முக்கியமான விஷயம், பிறந்தநாள் அத்தைக்குன்னாலும் எல்லாருக்கும் கை குடுத்து வாழ்த்து சொல்லு. போன வருஷம் அண்ணி ஒரே ஒரு சித்தப்பாவை விட்டுட்டா. அப்பா இன்னும் அவகிட்ட முகம் குடுத்துப் பேசலை."

"கோட்டை இதுதானே?"

"படகுத் துறைக்குப் பக்கத்துல, ரெண்டு கோபுரம், சுத்தி அகழி. இதுல என்ன சந்தேகம்?"

மார்லூஸ் வடக்கத்திக்காரி. மாஸ் நதியில் படகுத் துறை இரண்டு கரையிலும் உண்டு என்பதும், அந்த இடத்தில் கரைக்கொன்றாக இரண்டு கோட்டைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன என்பதும் அவளுக்குத் தெரிய நியாயமில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த தோனிசுக்குத் தெரியும். ஆனால் பயந்துபோன மனிதனுக்கு முதலில் கண்ணில் படுகிற கோட்டைதான் கோட்டை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மார்லூஸ் கல்யாணத்துக்கு எப்போதோ சரி என்று சொல்லிவிட்டாள். ஆனால், "அப்பா முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கற கல்யாணம் எனக்கு வேண்டாம். அவர் வாயால சரின்னு சொல்லட்டும்," என்றும் சொல்லியிருந்தாள். அவள் அப்பா பேரெண்ட் என்பவரோ, ஆற்றங்கரைக்காரர்கள் எல்லாருமே வாயாடிகள், நம்ப முடியாது என்ற கொள்கை உடையவர்.

வாசலில் இருந்த பெண் கேக் பெட்டியைப் பார்த்தாள். "நீங்களும் மேல இருக்கறவங்களோடயா?"

"ஆமாங்க."

"போங்க போங்க, எல்லாரும் உக்காந்துட்டாங்க."

மாடியில் பெரிய கூடம். சுவரில் துருப்பிடித்த வாள்கள். நடுவில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. அதில் ஏழெட்டுப் பேர் கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். சந்தேகமே இல்லை, வடக்கத்திக்காரர்களேதான். வட்டமாகப் போட்ட நாற்காலியும் அமைதியும் சேர்ந்தால் எங்கள் நாட்டில் அது பிறந்தநாள். இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும்.

தோனிஸ் தலைமுடியைக் கோதிக்கொண்டான். முதல் நாற்காலியிலிருந்து தொடங்கினான்.

"வாழ்த்துகள்! நான் தோனிஸ்."

கோடுபோட்ட சட்டைக்காரி திடுக்கிட்டு எழுந்தாள். "ஓ... வாழ்த்துகள், வாழ்த்துகள்!"

"வாழ்த்துகள்! நான் தோனிஸ்."

"உங்களுக்கும் வாழ்த்துகள்," என்றார் அடுத்த நாற்காலிக்காரர். சொல்லிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கை கொடுத்தார்.

ஒருவரையும் விடாமல் ஒரு சுற்று வந்துவிட்டான். வயதில் மூத்தவள் எவள் என்பதில் குழப்பமே இல்லை. வெள்ளைத் தலையும் சிவப்புச் சால்வையுமாக ஜன்னலோரம் ஒரு அம்மாள். கேக்கை அவள் மடியில் வைத்தான்.

"எனக்கா?" என்றாள் அவள்.

"உங்களுக்கில்லாம வேற யாருக்கு?"

அம்மாள் கண் கலங்கிவிட்டது. "எனக்கு ஒருத்தர் கேக் வாங்கிட்டு வந்து எவ்வளவு காலமாச்சு!" என்றாள். செர்ரி கேக் வெட்டப்பட்டது. யாரோ எழுந்து போய்க் கீழேயிருந்து காபி வரவழைத்தார்கள். கூடத்தில் பேச்சுக் கிளம்பியது. வாசல் பக்கம் தலையை நீட்டிய ஒரு இளம் தம்பதி இதைப் பார்த்ததும் முதுகுப்பைகளை இறக்கி வைத்துவிட்டு, எல்லாருக்கும் கை கொடுத்து வாழ்த்தி, தட்டோடு உட்கார்ந்தார்கள். மார்லூஸ் எப்போதோ சொல்லியிருந்த அவளுடைய ஒன்றுவிட்ட தங்கையும் மாப்பிள்ளையும் இவர்கள்தான் என்று தோனிஸ் முடிவுகட்டினான்.

கோபுரப் படிக்கட்டுப் பக்கத்தில், மழைக்கோட்டுக்குள், வெள்ளை மீசை. கேக்கைத் தின்றுகொண்டிருந்தது.

தோனிஸ் அந்தப் பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்தான். "மார்லூஸ் வரக் கொஞ்சம் நேரமாகும்."

"அப்படியா, பாவம்," என்றார் மழைக்கோட்டுக்காரர்.

"அவளை நெனச்சா உங்களுக்குப் பெருமையா இருக்கும் இல்ல?"

அவர் வாயிலிருந்த செர்ரியை விழுங்கினார். "இருக்காதா பின்னே!"

"நான் உங்களை மாமான்னு கூப்பிடலாமா?"

"தாராளமா. இன்னிக்கு எல்லாரும் சந்தோஷமா இருக்கற நாள்."

இவ்வளவு இளகிய மனிதரையா இத்தனை நாள் நினைத்து நடுங்கினோம்! இந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று தோனிசுக்குத் தோன்றியது. எழுந்து நின்றான்.

"மாமா, எல்லார் முன்னாலயும் கேக்கறேன். நான் மார்லூசைக் கல்யாணம் பண்ணிக்கணும். உங்க சம்மதம் வேணும்."

மழைக்கோட்டுக்காரர் இடமும் வலமும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். கோடுபோட்ட சட்டைக்காரி, சொல்லுங்களேன் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"பொண்ணுக்குச் சம்மதம்னா எனக்கென்ன ஆட்சேபம்? ஜாம் ஜாம்னு பண்ணிக்குங்க!"

கூடமே கைதட்டியது. சால்வை அம்மாள் அவன் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். இளம் தம்பதி படம் எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது.

"எங்கடா இருக்கே?" மார்லூஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"மார்லூஸ்! உங்கப்பா சம்மதிச்சுட்டார்!"

"எங்கப்பா என் பக்கத்துல நிக்கறார். ரொம்ப நேரமா உன்னைத் திட்டிக்கிட்டிருக்கார்."

தோனிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தான். அக்கரையில் இரண்டு கோபுரம், சுற்றி அகழி.

"அப்போ இங்க யாரு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். யாருடைய பிறந்தநாளுக்கோ வந்து, யாருடைய மாமாவிடமோ பெண் கேட்டிருக்கிறான்.

உண்மையைச் சொல்லலாம் என்றால், அந்த அம்மாள் கேக் பெட்டியை மடியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? நழுவிவிடலாம் என்று மறுபடி வட்டத்தைச் சுற்றிக் கை கொடுக்க ஆரம்பித்தான்.

"அதுக்குள்ளயா? இன்னும் பாட்டே பாடலையே!" என்று கோடுபோட்ட சட்டைக்காரி அவனை இழுத்து உட்கார வைத்தாள். "உங்களை மாதிரி கலகலப்பான ஆளு போயிட்டா எப்படி? நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

பாடினான். எங்கள் பிறந்தநாள் பாட்டில் பெயர் வராது, அதனால் தப்பித்தான். மற்றவர்களும் தொண்டை கிழியப் பாடினார்கள்.

கைபேசி மறுபடியும் அடித்தது. இந்த முறை ஆண் குரல். "நான் பேரெண்ட். எதிர்க்கரைக் கோட்டையிலதானே இருக்கே? அசையாம அங்கயே இரு. நாங்க வர்றோம்."

படகு ஆற்றைக் கடந்து வருவதை ஜன்னலில் பார்த்துக்கொண்டே தோனிஸ் தன் கல்யாணத்துக்கு முழுக்குப் போட்டான். அத்தையின் கேக்கில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு துண்டு.

படியில் தடதடவென்று சத்தம். முதலில் மார்லூஸ், பின்னால் ரென்ஸ்கா அத்தை, கடைசியில் பேரெண்ட். மழைக்கோட்டு, வெள்ளை மீசை, ஜிவ்வென்று சிவந்த முகம்.

"எங்கடா அந்த..." என்று வாயைத் திறந்தவர் வட்டத்தைப் பார்த்தார். நாற்காலிகள், தட்டுகள், காபி. அவருடைய வலது கை தானாக நீண்டது. "வாழ்த்துகள். நான் பேரெண்ட்," என்று முதல் நாற்காலியிலிருந்து ஆரம்பித்தார். அறுபது வருஷப் பழக்கம், கோபத்துக்காக ஓய்வெடுத்துக்கொள்ளுமா? பின்னாலேயே ரென்ஸ்கா அத்தை, அவளுக்குப் பின்னால் மார்லூஸ். அத்தை தன்னுடைய கேக்கின் கடைசித் துண்டை, சால்வை அம்மாளை மனதார வாழ்த்திவிட்டு வாங்கிக்கொண்டாள்.

மழைக்கோட்டுக்கு எதிரே மழைக்கோட்டு வந்து நின்றது.

"என் பொண்ணைக் கட்டிக் குடுத்தது நீங்கதானா?" என்றார் பேரெண்ட்.

மற்றவர் நெளிந்தார். "அது உங்க பொண்ணா? மன்னிக்கணும். கேட்டான், யாரும் பதில் சொல்லலை, நான் சொல்லிட்டேன். ஆனா பையன் தங்கமான பையன்."

"உமக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள வந்ததும் ஒருத்தரையும் விடலை ஐயா. மூலையில இருந்த எனக்கும் வந்து கை குடுத்தான்."

பேரெண்ட் தோனிசைத் திரும்பிப் பார்த்தார். "ஒருத்தரையும் விடலையா?"

"ஒருத்தரையும் விடலை மாமா."

"திரும்பிப் போகும்போது?"

"பாதி வட்டம் வரைக்கும் போனேன். அதுக்குள்ள இவங்க பிடிச்சு உக்கார வெச்சுட்டாங்க."

மீசை கொஞ்சம் அசைந்தது. பேரெண்ட் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு விட்டார். "சரி. பண்ணிக்குங்க," என்றார். மார்லூஸ் அப்பாவைக் கட்டிக்கொண்டாள், பிறகு தோனிசைக் கட்டிக்கொண்டாள். கூடம் இரண்டாவது முறை கைதட்டியது. தோனிசுக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"மார்லூஸ், இங்க பாரு," என்றார் பேரெண்ட், வட்டத்தைக் கையால் காட்டி. "குடும்பம்னா இது. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தன் உள்ள வந்தா உக்கார வெச்சு, காபி குடுத்து, கல்யாணம் வரைக்கும் பேசி முடிச்சிருக்காங்க. இவ்வளவு ஒத்துமையை என் ஆயுசுல பாத்ததில்லை. நம்ம வீட்டுல ஒரு பிறந்தநாளாவது சண்டை இல்லாம நடந்திருக்கா?"

அப்போது ஒரு பெண் பெரிய இரும்புச் சாவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாள். அவள் மார்பில் கோட்டை வழிகாட்டி என்ற அட்டை தொங்கியது.

"மன்னிச்சுக்குங்க, சாவியை வீட்டுலயே மறந்துட்டேன். பாதாளச் சிறை பாக்க டிக்கெட் வாங்கினவங்க எல்லாரும் இருக்கீங்க இல்ல? தனித்தனியா வந்திருக்கீங்க, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, காத்திருக்கற நேரத்துல அறிமுகமாயிக்கட்டுமேன்னுதான் நாற்காலியை வட்டமா போட்டுட்டுப் போனேன். ஏதாவது பேசினீங்களா, இல்ல உம்முனு உக்காந்திருந்தீங்களா?"