கோட்டு அறை மாணவர்

மெல்கர் தன் டேப்லெட்டைப் பட்டாணி சூப்புக்குள் இறக்கிவிட்டு, "டீச்சர், இதுக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டான்.

டீச்சர் மைலிஸ் அதைக் கரண்டியால் வெளியே எடுத்துத் துடைத்து, உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். திரையிலிருந்த கரடி, "சபாஷ்! விடாமல் முயற்சி செய்!" என்றது.

அன்று சாயங்காலமே நகராட்சி கொடுத்திருந்த எல்லா டேப்லெட்டுகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் பிள்ளைகள் வழக்கம்போலப் புத்தகத்தைப் பிரித்து, எழுத்துக்கு அடியில் விரலை வைத்து, கத்திக் கத்திப் படித்தார்கள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஒரே அறை. அந்த அறையே பள்ளிக்கூடம்.

நோர்விக் என்ற அந்த ஊரில் ஏற்கனவே மூடப்பட்டவை: மரம் அறுக்கும் ஆலை, மளிகைக் கடை, பெட்ரோல் பங்க். போன வருஷம் தேவாலயத்தில் கணப்பையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது பாதிரியார் கையுறையோடு பிரசங்கம் செய்கிறார். மிச்சமிருந்தது பள்ளிக்கூடம்தான். ஏரிக்கு அந்தப் பக்கம் சுந்தோ என்ற ஊரிலும் இதேபோல ஒரு பள்ளிக்கூடம் உண்டு. இரண்டில் ஒன்றை மூடப் போகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூடினால் ஏழு வயசுப் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து, பஸ் ஏறி, மலைப் பாதையைச் சுற்றிக்கொண்டு சுந்தோவுக்குப் போகவேண்டும். போன குளிர்காலத்தில் அந்தப் பாதையில் பால் லாரி ஒன்று பனியில் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. ஓட்டியவர் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். ஒன்றாம் வகுப்புத் தீராவின் அப்பா ரூனே வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "பள்ளிக்கூடம் போச்சுன்னா நாங்களும் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிடுவோம்."

பூட்டி வைத்த சில நாளில் நகராட்சியிலிருந்து ஃபோன் வந்தது. காஸ்பர் என்ற இளைஞன். டேப்லெட்டுகளுக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்டவன்.

"மைலிஸ், உங்க பள்ளிக்கூடம் செத்துப் போச்சா?"

"என்னது?"

"எங்க கம்ப்யூட்டர்ல அப்படித்தான் தெரியுது. உங்க டேப்லெட் எல்லாம் சாம்பல் கலர்ல இருக்கு. உயிரோட இருந்தா பச்சையா இருக்கணும்."

"சுந்தோ என்ன கலர்ல இருக்கு?"

"அதை நான் சொல்லக்கூடாது." காஸ்பர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "ஆனா ஒண்ணு. யார் உபயோகிக்கிறாங்க, யார் உபயோகிக்கலைன்னு கல்விக் குழு கவனிச்சுக்கிட்டே இருக்கு. அதை வெச்சுத்தான் முடிவு எடுப்பாங்க. இது நான் சொன்னதா இருக்க வேண்டாம்."

மைலிஸின் மனக்கண்ணில் ஏரிக்கு அக்கரை முழுக்கப் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது.

உடனே அலமாரியைத் திறந்து டேப்லெட்டுகளை விநியோகித்தாள். ஒருவன் மேற்கூரையைப் போட்டோ எடுத்தான். எடுத்துக்கொண்டே இருந்தான். ஒருத்தி, சூடாக இருக்கிறதென்று அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தீரா பாவம், அந்த வாரம்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தாள். கரடி அவளைப் பார்த்து, "ஏறக்குறைய சரி!" என்று கண்ணடித்ததும் உதடு பிதுங்கி அழ ஆரம்பித்துவிட்டாள்.

"எனக்கு நரிப் புத்தகம்தான் வேணும், டீச்சர்."

மைலிஸ் ஒரு முடிவுக்கு வந்தாள். பிள்ளைகள் புத்தகம் படிக்கட்டும். டேப்லெட்டை வேறு யாராவது படிக்கட்டும்.

அந்த வேறு யாரோ வீட்டிலேயே இருந்தார். அவள் கணவர் ஹில்டிங், ஆலை மூடிய நாளிலிருந்து சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே மாட்டியிருந்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மைனஸ் பதினொண்ணு" என்பார். பிறகு நெடுநேரம் கழித்து, "மைனஸ் பன்னெண்டு." ஒரு நாளைக்கு அவர் பேசுவது அவ்வளவுதான்.

"ஹில்டிங், உனக்கு ஒரு வேலை இருக்கு."

"சம்பளம்?"

"கிடையாது."

"அப்ப நம்ம ஊர் வேலைதான்" என்று சொல்லிவிட்டு பூட்ஸை மாட்டிக்கொண்டார்.

டேப்லெட்டுகள் பள்ளிக்கூடச் சுவரைத் தாண்டினால் வேலை செய்யாது; பள்ளி நேரத்தில்தான் கணக்கில் ஏறும். எனவே ஹில்டிங்கைப் பிள்ளைகள் கோட்டு மாட்டும் அறையில் ஒளித்து வைக்கவேண்டியதாயிற்று. குழந்தைகளுக்கான குட்டை பெஞ்சில், முழங்கால் காதைத் தொட, தலைக்குமேல் ஈரக் கோட்டுகள் சொட்டச் சொட்ட, அந்த நெடிய மனிதர் உட்கார்ந்து முதலில் மெல்கராக இருந்து கூட்டல் போட்டார். பிறகு தீராவாக மாறி எழுத்துகளைத் தொட்டார்.

"டீச்சர், கோட்டு ரூம்ல யாரோ இருமறாங்க" என்றான் மெல்கர்.

"கோட்டுக்கெல்லாம் ஜலதோஷம். நீ பாடத்தைப் படி."

மத்தியானம் மைலிஸ் எட்டிப் பார்த்தபோது ஹில்டிங்கின் முகம் சிவந்திருந்தது. திரையில் கரடி நடனமாடிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூடத் தப்பில்லை, மைலிஸ். நான் ஒரு நட்சத்திரமாம். கரடியே சொல்லிடுச்சு."

அவரை யாராவது பாராட்டி எத்தனையோ வருஷமாகியிருந்தது. அவள் மெல்லக் கதவைச் சாத்தினாள்.

விளைவு, காஸ்பரின் அடுத்த ஃபோன். மூச்சிரைக்கப் பேசினான். "மைலிஸ், அங்க என்ன நடக்குது? மெல்கர் வகுத்தல் முடிச்சு பின்னத்துக்குப் போயிட்டான்! தீரா ஆறாம் வகுப்புப் பாடம் படிக்கிறா! எங்க ஆபீஸ்ல யாருமே நம்பலை!"

அந்த வாரம்தான் மெல்கர் ஏழுக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடித்திருந்தான். மைலிஸ் கோட்டு அறைக்கு ஓடினாள்.

"ஹில்டிங், கொஞ்சம் தப்புப் பண்ணு."

"தப்பா? தெரிஞ்சேவா?"

"ஆமா."

"ஆலையில இருந்த காலத்துல நான் ஒரு பலகைகூட அளவு தப்பி அறுத்ததில்லை."

"நீ ஏழு வயசுப் பையன், ஹில்டிங்!"

"ஏழு வயசுன்னா மக்கா இருக்கணுமா?"

"எனக்காக."

மனமில்லாமல் ஒப்புக்கொண்டார். ஆனால் எதைச் செய்தாலும் திருத்தமாகச் செய்யும் மனிதர். தப்பையும் திருத்தமாகச் செய்தார். ஒரு விடைகூடச் சரியாக இல்லை. கரடி தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. ஹில்டிங்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றிரவு சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் மறுபடி ஜன்னலோரம் போய்விட்டார். "மைனஸ் பதினெட்டு" என்றார்.

டேப்லெட் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளின் பெற்றோருக்குத் தானாகவே செய்தி அனுப்பியது: உங்கள் குழந்தையின் அறிவுத்திறன் திடீரென்று சரிந்திருக்கிறது, மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

மரம் ஏற்றும் லாரியைப் பள்ளிக்கூட வாசலிலேயே நிறுத்திவிட்டு ரூனே உள்ளே வந்தார். ஆள் மலைபோல இருப்பார். குரல் மட்டும் எங்கேயோ தொலைந்துபோயிருந்தது.

"டீச்சர், தீராவுக்கு மூளையில என்ன?"

"ஒண்ணுமில்லை ரூனே! நல்லாத்தான் இருக்கா!"

"மெஷின் சொல்லுதே. அவ அம்மா விடியறதுக்கு முன்னாடியே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அந்தப் பாதையில. வண்டி ரெண்டு தடவை சறுக்கிச்சாம்."

"மெஷின்லதான் ஏதோ கோளாறு, ரூனே."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அவர் தொப்பியைக் கையில் வைத்துப் பிழிந்துகொண்டு நின்றார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று மைலிஸுக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் பள்ளிக்கூடம் போய்விடும். ரூனே போனபிறகு கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஹில்டிங்கைச் சமாதானம் செய்து மறுபடி அழைத்து வந்தாள். இந்தத் தடவை நிதானமாக ஏறச் சொன்னாள். தினம் கொஞ்சம் தப்பு, கொஞ்சம் சரி. அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே செய்தார். தீரா ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குறையுமில்லை என்று திரும்பி வந்தாள். இனிமேல் பயமில்லை என்று மைலிஸ் மூச்சுவிட்ட நேரத்தில் காஸ்பர் கூப்பிட்டான்.

"சரிவிலேருந்து மீண்ட பள்ளிக்கூடம்! இந்த மாவட்டத்துலயே யாரும் இதைப் பார்த்ததில்லை. கல்விக் குழுத் தலைவி கெர்ட் அம்மாவே நேர்ல வர்றாங்க. மைலிஸ், ஒரு யோசனை சொல்றேன். அவங்க கண்ணுல புத்தகம் எதுவும் பட்டுடாமப் பார்த்துக்கோங்க. உங்களுக்கே டேப்லெட்ல நம்பிக்கை இல்லைன்னு நினைச்சுடுவாங்க."

இப்போது பிள்ளைகள் நிஜமாகவே டேப்லெட்டில் படித்தாகவேண்டும். மைலிஸ் புத்தகங்களைக் கட்டிவைத்துவிட்டு அவர்களைப் பழக்கினாள். பழக்குவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. முதல் நாள் பிடித்துக்கொண்டார்கள், மறுநாள் விடமாட்டேன் என்றார்கள். வகுப்பில் சத்தமே இல்லை. பிள்ளைகள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று காலமெல்லாம் வேண்டிக்கொண்டவள் அவள். இப்போது அந்த அமைதி அவள் முதுகைச் சில்லிட வைத்தது. தீரா நரிப் புத்தகத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டாள். எழுத்துக்கு அடியில் விரலும் வைப்பதில்லை. கரடி படித்துக் காட்டும்போது அவள் எதற்குக் கஷ்டப்படவேண்டும்?

"இந்தப் புத்தகத்தையெல்லாம் கண்ணுல படாத இடமா வை" என்று ஹில்டிங்கிடம் சொல்லியிருந்தாள்.

"வெச்சாச்சு" என்றார் சாயங்காலம்.

"எங்கே?"

"பழைய கடைக்குப் பின்னாடி பேப்பர் தொட்டி இருக்கில்ல? அதுல. லாரி வந்து அள்ளிட்டும் போயிடுச்சு. இனிமே யார் கண்ணுலயும் படாது."

மைலிஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வேலையை முடித்துவிட்ட பெருமையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டாள். பள்ளிக்கூடம் பிழைத்தால் புத்தகம் வாங்கிக்கொள்ளலாம்.

கெர்ட் வந்த நாளில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கம்பளித் தொப்பி போட்ட ஒல்லியான அம்மாள். யெர்க்கர் என்ற டிரைவர் மட்டும் கூட வந்திருந்தார்.

"காஸ்பர் வரலையா?" என்றாள் மைலிஸ்.

"அவர் இப்ப எங்ககிட்ட வேலையில இல்லை" என்றார் கெர்ட்.

நல்ல பையன், பெரிய இடத்துக்கு எங்கேயோ போயிருப்பான் என்று மைலிஸ் நினைத்துக்கொண்டாள்.

கெர்ட் வகுப்புக்குள் நுழைந்து, "வணக்கம், பசங்களா!" என்றார். ஒரு தலைகூட நிமிரவில்லை. கரடிகள் மட்டும் அறையெங்கும் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. மைலிஸுக்குப் பெருமை தாங்கவில்லை.

"படிக்கிறதெல்லாம்?" என்று கேட்டார் கெர்ட்.

"இதுலதான்."

"எழுதறது?"

"அதுவும் இதுலயே."

"புத்தகம்?"

"ஒண்ணுகூடக் கிடையாது!" என்றாள் மைலிஸ். தன் குரல் தனக்கே கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட!"

கெர்ட் காலியான அலமாரியைத் தடவிப் பார்த்தார். தீராவின் பக்கத்தில் குனிந்து, "கண்ணு, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். தீரா நிமிராமலே திரையைத் தொட்டாள். கரடி படித்துக் காட்டியது. கெர்ட் அவள் தலையைத் தடவிவிட்டு நிமிர்ந்தார். காபியைக் குடித்தார். மைலிஸ் விடியற்காலையில் எழுந்து சுட்ட ஏலக்காய் பன்னைப் பாதியில் வைத்துவிட்டார்.

"நீங்க ரொம்ப காலமா டீச்சரா இருக்கீங்க, இல்லையா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலேருந்து."

"ம்" என்று சொல்லிவிட்டு, யாருக்கோ ஃபோன் செய்யவேண்டும் என்று ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்ன நடக்கிறதென்று கேட்கக் கோட்டு அறையிலேயே ஒளிந்திருந்த ஹில்டிங் காலை நீட்டி மடக்கிக்கொண்டு வெளியே வந்தார். "எப்படி?" என்று கண்ணால் கேட்டார். மைலிஸ் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். இரண்டு பேருமாக வாசலுக்குப் போனார்கள். யெர்க்கர் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"சுந்தோவுக்கு எப்பப் போறீங்க?" என்று போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டாள் மைலிஸ்.

"காலையிலயே பார்த்தாச்சு, டீச்சர்."

"எப்படி இருந்தது?"

யெர்க்கர் சிரித்தார். "அந்தக் கூத்தை ஏன் கேக்கறீங்க? டேப்லெட் டப்பாவைக்கூடப் பிரிக்கலை. பசங்க கிழிஞ்ச புத்தகத்தை வெச்சுக்கிட்டுக் கத்தற கத்துல காது போயிடுச்சு. டீச்சர் அம்மா கைதவறி, காபியை எங்க மேலயே கொட்டிட்டாங்க."

மைலிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். முகத்தில் விழுந்த பனிகூட வெதுவெதுப்பாக இருந்தது. ஹில்டிங் அவள் தோளில் கை போட்டார். அப்படி அவர் செய்து எத்தனை நாளாயிற்று!

யெர்க்கர் சுரண்டியை உதறிக் கதவில் செருகினார். "கெர்ட் அம்மாவுக்குச் சந்தோஷத்துல கண்ணே கலங்கிடுச்சு. அடுத்த வருஷத்துலேருந்து எல்லா ஊர்லயும் டேப்லெட்டைத் திருப்பி வாங்கிட்டு மறுபடியும் புத்தகம்தானே, அதனால டேப்லெட்டு இன்னும் புகாத பள்ளிக்கூடத்தை மட்டும்தான் மூடாம விடப் போறாங்களாம்."