ஜாம் பேண்டும் ஆசீர்வாத ஜெபமும்

இசைக்குழு வைத்திருக்கிறவனுக்குப் பாட்டைத் தொடங்கத் தெரிந்தால் போதாது, முடிக்கவும் தெரிய வேண்டும். எங்கள் மூவருக்கும் அது தெரியாது. நாங்கள் ஜாம் பேண்ட் (அதாவது, ஒருவன் எதையாவது தொடங்குவான், மற்றவர்கள் பின்னால் போவார்கள், எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கக்கூடாது). கிதார் செல்வின், டிரம் ஜெபா, கீபோர்டு அடியேன்.

அப்பாவுக்குப் புதுக்கடை சந்திப்பில் பெயிண்ட் கடை. மஸ்கட்டிலிருந்து சின்ன மாமா எனக்கு விசா ஏற்பாடு செய்தபோது, போகவே மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார்.

“மலையில ஏதோ புரோகிராம்னு சொன்னியே, நானும் வாரேன். உங்க பாட்டு முடியது வரைக்கும் ஒரு ஆளாவது இருந்து கேக்கட்டும், நீ போவாண்டாம். ஒருத்தனும் இல்லியா, பேசாம பிளேன் ஏறு. சம்மதமா?”

“சம்மதம்” என்றேன். ஒரே ஒரு ஆள்தானே! (அன்றைக்கு எனக்கு அவ்வளவு திமிர்.)

குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். சபை வாலிபர் சங்க ஆண்டுவிழா. ஆலயத்தை ஒட்டிய ஹால் சாயங்காலமே நிரம்பிவிட்டது. முன்வரிசையில் போதகர், பக்கத்தில் அப்பா, அம்மா. வெளியே அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் தயாராகி, வாசனை மேடை வரைக்கும் வந்தது.

ஆரம்பம் பிரமாதம். ஜெபா வெளுத்து வாங்கினான். செல்வின் கிதாரோடு எங்கோ போக, பின்னாலேயே போன எனக்கு ஒரு வளைவில் வழி தப்பிவிட்டது. சரி, கொஞ்சம் அடக்கி வாசித்தபடி யோசிப்போம் என்று கண்ணை மூடி மெதுவாக நாலு கார்டு (சுரக்கூட்டு) பிடித்தேன். மற்ற இருவரும் அடங்கினார்கள்.

அங்கேதான் விரல்கள் காலை வாரின. ஞாயிறுதோறும் ஆலயத்தில் ஆர்கன் வாசிக்கிற விரல்கள் அல்லவா! ஆராதனை முடிவில் போதகர் ஆசீர்வாதம் கூறும்போது எங்கள் சபை ஆலயங்கள் எல்லாவற்றிலும் பின்னணியில் வாசிப்பார்களே, அதே கார்டுகளை அதே வரிசையில் வாசித்துத் தொலைத்தன.

நாற்காலிகள் கரகரத்தன. கண்ணைத் திறந்தால் ஹாலே எழுந்து நிற்கிறது! பெண்கள் முக்காடு போட்டாயிற்று. போதகர் (பாவம், அவருக்கும் பழக்க தோஷம்) கைகளை உயர்த்தி ஆசீர்வாதத்தைத் தொடங்கிவிட்டார். நடுவில் நிறுத்த எனக்குத் துணிச்சல் இல்லை, வாசித்தேன். “ஆமென்” என்றது ஹால். ஆசீர்வாதம் முடிந்த பிறகு எங்கள் சபைக்காரர்கள் உட்கார்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. அத்தனை பேரும் மீன்கறியை நோக்கிப் போனார்கள். அம்மாவும்தான். அப்பா மட்டும் காலியாகும் ஹாலை ரசித்தபடி உட்கார்ந்தார்.

“மக்கா, நிறுத்திரலாமா?” என்றான் செல்வின்.

“நிறுத்துனா நான் மஸ்கட்டுல. அடிலே!”

காலி நாற்காலிகளைப் பார்த்து வாசித்தோம். விட்ட குடையை எடுக்க வந்த ஒருவரைக் கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் குடையோடு ஓடிவிட்டார். அழுகை வந்தது, ஆனாலும் விடவில்லை. அப்பா முகமெல்லாம் மலர எழுந்தார். தட்டோடு வாசலில் வந்து நின்ற அம்மா கேட்டாள்:

“எங்க எழும்பிப் போறிய?”

“ஒருத்தனும் இல்லியே. நான் ஜெயிச்சாச்சு.”

“பாட்டு இன்னும் முடியல்லியே. முடியும்போ ஆளு உண்டா இல்லியான்னு யாரு பாத்துச் சொல்லுவா?”

அப்பா நியாயஸ்தர். யோசித்துப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தார். ஜெபா கை ஓய்ந்து குச்சியைக் கீழே வைக்கும்வரை அசையவில்லை. பிறகு எழுந்து, பின்வரிசை வரை நிதானமாக நோட்டம் விட்டார்.

“பாத்தியா? ஒருத்தனும் இல்ல.”

“நீங்க இருந்தியளே அப்பா!”

அப்பா தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். அம்மா சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த மரச்சீனி தரையில் விழுந்தது.

விசா சித்தப்பா மகனுக்குப் போயிற்று. எனக்கு இன்றுவரை கல்யாண வரவேற்புகளில் வாசித்துத்தான் பிழைப்பு. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மா இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, “இவன் வாசிப்பு எப்பிடின்னு அவியகிட்ட கேளுங்க” என்று அப்பாவைக் கைகாட்டுவாள்.

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்வார்: “நல்லா இருந்துதுன்னு நான் எங்க சொன்னேன்? கடைசி வரைக்கும் இருந்தேன். அதுக்கு மேல ஒரு தகப்பன் என்ன செய்யணும்?”