பச்சைப் புள்ளி வைத்த கைக்குட்டை

ஓசூர் வட்டாரத்தில் 'ரிஜெக்ட்' அண்ணனின் சந்தேகத்துக்குத் தப்பிய பொருள் என்று ஒன்றுமே கிடையாது. எங்கள் உதிரிபாகக் கம்பெனியில் கடைசிச் சோதனை அவருடையது. திருப்தியானால் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்பார். அதற்கப்புறம் அதை யாரும் சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் புள்ளி லேசில் விழாது. மத்திகிரியில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் பால்காரரை அனுப்புவார். கல்யாணத்தன்று சர்ச்சில் பீடத்துக்கு முன்னாலேயே மோதிரத்தை உரசிப் பார்த்த மனுஷன் என்று அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா சொல்வார்.

அந்த அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பெங்களூரில் ஆபரேஷன். அதற்கு முந்தின நாள் அவர்கள் கோயிலுக்கு ஒரு புனிதரின் திருப்பண்டம் வந்தது. கண்ணாடிப் பேழைக்குள் அரிசி அளவு எலும்புத் துண்டு. பேழைமேல் கைக்குட்டையை ஒற்றி எடுத்து நோயாளியிடம் வைப்பது அவர்கள் வழக்கம். அக்காவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போக நானும் போனேன்.

முறை வந்ததும் அண்ணனின் சட்டைப்பையிலிருந்து லென்ஸ் வெளியே வந்தது. பேழைக்குப் பக்கத்தில் நின்ற ஃபாதரிடம் திரும்பினார்.

"ஃபாதர், இது அவரோட எலும்புதான்னு யாரு செக் பண்ணாங்க?"

"ரோம்ல பாத்து சீல் வெச்சிருக்காங்கப்பா. சிவப்பு நூலு, அரக்கு எல்லாம் இருக்கு பாரு."

"அரக்கு நம்ம பஜார்லயே கிடைக்குது ஃபாதர்."

வரிசை தமிழிலும் தெலுங்கிலும் முணுமுணுத்தது. கன்னடத்தில் சற்றுக் காரமாகவே. சாயங்காலம் பேழை அடுத்த ஊருக்குப் போக வேண்டும். அக்கா அண்ணனின் கையைப் பிடித்தார்.

"இத்தன வருசமா உங்கள நான் லென்ஸ் வெச்சா பாத்தேன்? நம்பித்தான இருக்கேன். நாளைய நெனச்சா பயமா இருக்குங்க."

அண்ணன் லென்ஸைப் பைக்குள் போட்டார். கைக்குட்டையைக் கண்ணாடிமேல் ஒற்றினார். எடுக்க மனமில்லாமல் மறுபடி அழுத்தினார்.

"ஃபாதர், சரியாப் பட்டுச்சா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

அந்த மனுஷன் இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லி நான் அதுவரை கண்டதில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. காப்பாற்றியது புனிதரா, டாக்டரா என்று அண்ணனுக்கு இன்னும் சந்தேகம்தான்.

போன மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். நான் முருகனைக் கும்பிடுகிறவன். "நீ நம்ப வேணாம், சும்மா இருக்கட்டும்" என்று அண்ணன் அதே கைக்குட்டையை என் தலையணைக்கு அடியில் செருகினார். ஆஸ்பத்திரி இட்லியை முகர்ந்து பார்த்துவிட்டுக் கிளம்பினார். அப்புறம் கைக்குட்டையை விரித்துப் பார்த்தேன். மூலையில் பச்சைப் புள்ளி.

இப்போது அது என் வீட்டுத் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.