ராகு காலத்துக்கு முந்திய ஒரு மணித்தியாலம்

புதுக் கண்ணாடி போட்டு நேற்றுத்தான் கடையிலிருந்து வந்த ரப் என்கிற தொடுதிரைக் கணினி, அருளம்பலத்தின் மடியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தது. நேரம் மூன்றரை.

"பட்டனை விடாமல் அமத்துங்கோ அப்பா. முப்பது எண்ணவேணுமாம்," என்றாள் மகள் தக்சாயினி.

முப்பது எண்ணினார். பிறகு முருகனை நினைத்து அறுபதும் எண்ணினார். பெருவிரல் நொந்ததுதான் மிச்சம்.

வேறு நாளென்றால் சனியனைத் தூக்கிப் போட்டுவிட்டு வெங்காயப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறப் போயிருப்பார். இன்றைக்குச் சுவிஸ் மாப்பிள்ளை பொம்பிளை பார்ப்பது இதற்குள்ளேதான். தக்சாயினிக்கு முப்பத்துமூன்று வயது, செவ்வாய்க் குற்றம் வேறு. ஆறு வருடமாக அலைந்ததில் பொருந்தி வந்த சாதகம் இது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குப் பிறகு சம்பந்தம் கதைக்க அருளம்பலம் வாய் திறக்கமாட்டார். மாப்பிள்ளையின் தாய் அவரைவிட மோசம்.

மூத்ததுகள் இரண்டும் இதே ரப்பில் முகம் காட்டித்தான் கனடாவுக்கும் நோர்வேக்கும் போனதுகள்; வீட்டில் மிஞ்சியது தக்சாயினி மட்டும். பேரப்பிள்ளைகளை மனைவி மகாதேவி இந்தக் கண்ணாடியில்தான் கொஞ்சுகிறாள். போன கிழமை அது வெடித்தபோது, பண்டத்தரிப்புச் சந்திக்குக் கொண்டுபோய்த் திருத்தி எடுத்து வந்தவளும் அவள்தான்.

"ராத்திரி சாச்சிலை போட்டனீரோ?" என்று அவளைக் கேட்டார்.

"போட்டனான். பற்றரியிலை கரண்ட் ஏறிச்சுதோ இல்லையோ ஆர் கண்டது?"

"என்ரை போனிலை எடுப்பம் அப்பா," என்றாள் தக்சாயினி.

"வேண்டாம். உந்தச் சின்னப் போனிலை பாத்துத்தானே போன வரியம் வந்தவங்கள் உன்னைக் கறுப்பெண்டவங்கள்."

பக்கத்து வீட்டுத் தயாளினியிடம் சாச்சர் வாங்கிவந்து செருகினார். சுவரில் 'டப்' என்று ஒரு சத்தம். வீடு முழுவதும் கரண்ட் போய், மின்விசிறி நின்றது. தக்சாயினியின் முகத்தில் பவுடர் வியர்வையோடு சேர்ந்து வழியத் தொடங்கியது.

அருளம்பலத்தின் பட்டன் போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய்.

"அண்ணை, எடுத்து எடுத்துப் பாக்கிறம், போகுதில்லை. மகன் அங்கை வெளியிலை போக வெளிக்கிட்டுக்கொண்டு இருக்கிறான்."

"அஞ்சு நிமிசம் தங்கச்சி. கரண்ட் நிண்டு போச்சு."

"முதல் நாளே தடங்கல். அச்சுவேலியிலையும் ஒரு பிள்ளையைச் சொல்லியிருக்கினம், மறைக்காமல் சொல்லிப்போட்டன்."

அருளம்பலம் ரப்பைத் திரும்பக் கையில் எடுத்தார். அந்தக்காலத்து ரேடியோ இரண்டு தட்டுத் தட்டினால் பாடும். ரப்பைக் குப்புறப் பிடித்து ஒன்று போட்டார். இரண்டாவது கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. புதுக் கண்ணாடி மூலையிலிருந்து மூலைக்குக் கீறிக்கொண்டு போனது.

நாலு இருபதுக்கு அவருடைய பிடிவாதம் முறிந்தது. அறை இருட்டாகக் கிடந்ததால் வெளிச்சத்துக்காகக் கிணற்றடியில் கதிரை போட்டு மகளை இருத்தினார்.

"மகாதேவி, பிள்ளையின்ரை போனை எடுத்துக்கொண்டு ஓடிவாரும்!"

மகாதேவி ஓடித்தான் வந்தாள். வந்த வேகத்தில் கால் சேலையில் தடக்கியது. ஆள் விழவில்லை, போன் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது.

"ஐயோ, என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையை நானே தாட்டுப்போட்டனே," என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஏச வந்த அருளம்பலம் அதை விட்டுவிட்டுத் தொட்டிக்குள்ளிருந்து செத்த போனைத் தூக்கினார். நாற்பது வருடத்தில் அவள் இப்படி அழுது அவர் பார்த்ததில்லை.

நாலு இருபத்தெட்டுக்குப் பட்டன் போன் மறுபடி அடித்தது.

"விடுங்கோ அண்ணை. கடவுளுக்கே விருப்பமில்லைப் போலை. நாங்கள் அச்சுவேலியைப் பாக்கிறம்."

அவர் பதில் சொல்லுமுன் போன் நின்றுவிட்டது.

தக்சாயினி தலையிலிருந்த பூவைக் கழற்றிக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். "பரவாயில்லை அப்பா," என்றாள். அழுதிருந்தால்கூட அவருக்கு ஆறியிருக்கும். ஒரு பிள்ளையின் முகத்தை ஒரு மணித்தியாலம் காட்ட வக்கில்லாத தகப்பனாகிவிட்டேனே என்று அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். மகாதேவி மகளைக் கட்டிப்பிடித்தபடி விம்மிக்கொண்டிருந்தாள்.

படலையில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி மாற்றிக் கொடுத்த கடைக்காரன் சிவதர்ஷன்.

"இப்பவோ தம்பி வாறீர்? எல்லாம் முடிஞ்சுது," என்றார் அருளம்பலம்.

சிவதர்ஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தான். சட்டைக்குள்ளிருந்து கடதாசியில் சுற்றிய தட்டையான சாமான் ஒன்றை எடுத்து, மகாதேவியிடம் பணிவாக நீட்டினான்.

"ரப்பிலை கழட்டி வைக்கச் சொன்ன பற்றரி இந்தாங்கோ அன்ரி; நாலரைக்கு முன்னம் வரக்கூடாதெண்டு நீங்கள் சொன்னபடியால் இவ்வளவு நேரமும் சந்தியிலை நிண்டனான்."