எலி வக்கீலும் எலுமிச்சை அழகியும்

எலி பிடிக்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு எலிக்காகவே வாதாடும் ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் கெலாங் பாத்தா அடுக்குமாடியில்தான் இருக்கிறார். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. 'எலி வக்கீல்' என்றால் வாசல் கார்டே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

ஒரு நாள் காலை என் மனைவியின் கறிவேப்பிலைச் செடியில் குச்சிதான் மிச்சம். பின்பக்கச் செம்பனைத் தோட்டத்து எலியின் வேலை என்று வக்கீலைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பச்சைப் புழுவை எடுத்துக் காட்டினார்.

"எலி மேல பழி போடாதீங்க சார். இதுதான் நாளைக்கு எலுமிச்சை அழகிங்கிற பட்டாம்பூச்சி. கறுப்புல மஞ்சப் புள்ளியோட பறக்கும், நீங்களே போன்ல படம் எடுப்பீங்க."

"எலி மட்டும் யோக்கியமா?"

"கொய்யாவுல பாதியாவது மிச்சம் வைக்கும். இது ஒரு இலை வச்சுதா? ரெண்டும் நம்ம சாப்பாட்டத்தான் திங்குது. ஒண்ணுக்குப் படம், ஒண்ணுக்கு விஷம். றெக்கை இருந்தா நியாயமே வேற போல."

லிப்டில் மாட்டினாலும் இதே வழக்குதான். பிடித்த எலிகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போய்த் தோட்டத்தின் மறுகோடியில் விட்டுவிட்டு வருவார். விஷயம் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் காதுக்குப் போய், கூட்டம் கூடியது.

"எலியப் பிக்னிக் கூட்டிட்டுப் போறதுக்கா உங்கள வச்சோம்? விஷம் வைங்க, இல்ல வேலைய விட்டு நின்னுக்குங்க."

"இந்த வேலை எனக்கு வேணும் சார், ரெண்டு பிள்ளைங்க படிக்குது. ஆனா விஷம் வைக்க மாட்டேன்."

அவர் இருக்கட்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். மொட்டைச் செடிக்காரியான என் மனைவி இரண்டு கையையும் தூக்கினாள்.

"ஆளுக்கு ஒரு கைதான்மா."

"இன்னொண்ணு எங்க வீட்டுக்காரருக்கு. அவருக்குப் பயம், தூக்க மாட்டாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வெட்கமில்லாமல் சிரித்தேன். ஒரே ஒரு கை குறைந்து அவர் வேலை போனது. அந்தக் கை என்னுடையது.

புதிதாக வந்தவர்கள் விஷம் வைத்தார்கள். எலிகள் கூரைக்குள் போய்ச் செத்தன. மூன்றாம் நாள் நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. வைத்தவர்கள் போனை எடுக்கவில்லை. வேறு வழியில்லாமல் வக்கீலை அழைத்தேன்.

"என்னை நல்லா திட்டுங்க. ஆனா வாங்க."

வந்தார். "திட்ட நேரமில்ல சார், ஏணியக் கொடுங்க."

ஒவ்வொன்றாக இறக்கிப் பேப்பரில் சுற்றினார். கண் திறக்காத குஞ்சுகள் வந்தபோது சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அடுத்த பேப்பரை விரித்துக் கொடுத்தேன்.

அன்று மாலையே மறுபடி கூட்டம். "வக்கீலத் திரும்ப வச்சுக்கலாமா?" என்று தலைவர் கேட்டு முடிப்பதற்குள் என் கை மேலே போயிருந்தது. எல்லோரும் சம்மதித்தார்கள், நாற்காலிகளை மடக்கினார்கள். தலைவர் என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டார்.

"கூட்டம் முடிஞ்சிருச்சு லா. கைய எறக்குங்க."