கைகாட்டியார் குடித்த முதல் கோப்பி

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், தகப்பன் சொல்லைத் தலைமுறை தலைமுறையாகத் தட்டாத ஒரு பழங்காலக் குடும்பத்தைப் பற்றிப் போதகர் உருகி உருகிப் பிரசங்கம் செய்தார். "நம்ம சபையில அப்படி யாராவது உண்டா?" என்று அவர் கேட்டதும், பிரிக்பீல்ட்ஸ் தமிழ்ச் சபை மொத்தமும் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. கள் வாசனையை ஏலக்காயால் மூடிக்கொண்டு வந்திருந்த பெரியவர்கள்கூடப் பக்தியோடு திரும்பினார்கள். திரும்பாதவர் அந்த மூன்றாவது பெஞ்சுக்காரர் ஒருவர்தான். கோயிலில் அங்கே இங்கே பார்க்கக் கூடாது என்று அவருடைய அப்பா சொல்லியிருந்தார். இவரைப் பற்றி எழுதாமல் வேறு யாரைப் பற்றி எழுதுவது என்று எனக்கு அந்த நிமிஷம்தான் தோன்றியது.

ஏதேன் தோட்டத்துத் தவறுக்குப் பிறகு பூமியில் பிறந்தவர்களில், சொன்னதைச் சொன்னபடி கேட்ட ஒரே மனிதர் எங்கள் கைகாட்டியார்தான். ரயில்வே சிக்னல் கேபினில் வேலை. அதனால் அந்தப் பெயர். கைகாட்டி மரத்தின் கை கிடையாக நின்றால் வண்டி நிற்க வேண்டும். கேபின்காரர் அதை இறக்கிவிட்டால் ஒழிய, பெரிய துரையின் வண்டியே ஆனாலும் தாண்டக் கூடாது. இந்தச் சட்டத்தை அவர் தண்டவாளத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். கிள்ளானில் இருக்கும் அவருடைய அப்பா எந்தக் காலத்திலோ போட்ட தடைகள் எல்லாம், அப்பாவே வாயால் எடுக்கும்வரை அமலில் இருந்தன.

சின்ன வயதில் ஒருமுறை வழுக்கி விழுந்தபோது அப்பா, "மழையில ஓடாதே" என்றிருக்கிறார். தீர்ந்தது. எங்கள் ஊர் மழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்குத் தெரியும். அதில் தொப்பலாக நனைந்தபடி கைகாட்டியார் கல்யாண ஊர்வலம்போல நடந்து வருவார். கூட வேலை பார்க்கும் சூசை அண்ணன் தாழ்வாரத்திலிருந்து கத்துவார்.

"யோவ், ஓடி வாய்யா! ஒங்கப்பா கிள்ளான்ல இருக்காரு. அங்கேருந்து கண்ணு தெரியாது லா!"

"அவரு பாக்குறாருங்கறதுக்காகவா நான் சொல்பேச்சு கேக்குறேன்?" என்பார், ஓடாமல்.

கோப்பியும் தொடமாட்டார். ராத்திரி வேலைக்காரர், கோப்பி இல்லாமல் கண் விழிப்பார்! அதற்கும் ஒரு தடை.

அவருடைய மகள் எஸ்தரைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படும்வரை எனக்கு இதெல்லாம் நல்ல வேடிக்கையாக இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரான நான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேரே போய்க் கேட்டேன். கைகாட்டியார் வலது கையைக் கிடையாக நீட்டினார்.

"தம்பி, நீங்க நல்ல புள்ள. ஆனா வாத்தியாருக்குப் பொண்ணு குடுக்காதேன்னு அப்பா சொல்லியிருக்காரு."

"எப்ப சொன்னாரு?"

"எஸ்தர் பொறக்கறதுக்கு முந்தி."

"ஏன் சொன்னாரு?"

"காரணம் கேட்டுட்டுச் செஞ்சா அதுக்குப் பேரு கீழ்ப்படிதலா?"

"சரி, அந்தத் தடையை எடுக்கச் சொல்லிக் கேளுங்களேன்."

"போட்ட தடையை எடுன்னு என்கிட்ட வந்து நிக்காதேன்னும் சொல்லியிருக்காரு." கொஞ்சம் யோசித்தார். "நீங்க கேக்கலாம். ஒங்களை யாரும் கேக்காதேன்னு சொல்லலையே."

ரயில்வே பாலத்தடியில் எஸ்தரிடம் மனித சுதந்திரம், புதிய யுகம், பெண்ணுரிமை எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"முடிஞ்சுதா? அப்பா தாண்டாத சிக்னலை நானும் தாண்ட மாட்டேன். சனிக்கிழமை கிள்ளான் வண்டி எப்பன்னு பாருங்க."

மூவரும் போனோம். இத்தனை தடை போட்டவர் தாடியும் தடியுமாக இடிமுழக்கத்தோடு இருப்பார் என்று நினைத்திருந்தேன். பல் இல்லாத ஒரு குட்டிக் கிழவர், கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டிருந்தார். கேபினில் துரைகளையே நிற்கவைக்கும் கைகாட்டியார், அவர் முன்னால் கைகட்டி நின்றார்.

"வாடா. கோப்பி குடி."

"நீங்க வேணாம்னு சொல்லியிருக்கீங்களேப்பா."

"எப்படா?"

"எனக்குப் பத்து வயசுல. காய்ச்சல் வந்தப்ப."

கிழவர் மகனைக் கவலையோடு பார்த்தார். "ஏன்டா, இன்னுமா காய்ச்சல் விடல?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு என் மனுவைச் சமர்ப்பித்தேன். கிழவர் நெற்றியைத் தேய்த்தார். "வாத்தியாரா? ஆமா, ஒருத்தன் இருந்தான். நான் கோயில்ல பாடினா தவளை கத்துதுன்னுட்டு, வெக்கமில்லாம எம்மவளையே பொண்ணு கேட்டு வந்தான். அந்த ஒருத்தனைத்தான்டா சொன்னேன்!"

"அப்ப தடையை எடுத்தேன்னு வாயால சொல்லுங்க தாத்தா," என்றேன்.

கிழவர் வாயைத் திறந்தார். கொட்டாவி வந்தது. அப்படியே நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

என் வாழ்க்கை அந்தத் திறந்த வாயில் தொங்கிக்கொண்டிருந்தது. உலுக்கப் போனேன். கிடையாக நீண்டது கை. "தூங்கும்போது எழுப்பக் கூடாது. அப்பா சொல்லியிருக்காரு." கோழிகள் அடையப் போயின. கடைசி வண்டிக்கு நேரம் நெருங்கியது. எஸ்தர் எழுந்தாள், பித்தளைச் சொம்பை எடுத்தாள், சிமெண்டுத் தரையில் போட்டாள். கிள்ளான் முழுவதும் கேட்டிருக்கும்.

கிழவர் துள்ளி எழுந்தார். கைகாட்டியார் மகளை முறைத்தார்.

"எழுப்பக் கூடாதுன்னுதானேப்பா உத்தரவு? சொம்பு விழக் கூடாதுன்னு யாரு சொன்னா?"

மூன்றாம் தலைமுறையும் தேறிவிட்டது என்று கண்டுகொண்டேன்.

"குடுடா, தாராளமாப் பொண்ணைக் குடு," என்றார் கிழவர். "அந்தக் கோப்பியையும் குடிச்சித் தொலை!"

ஐம்பதைத் தாண்டிய மனிதர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார், ஜெபம் பண்ணினார், குடித்தார்.

"எப்படிப்பா இருக்கு?" என்றாள் எஸ்தர்.

"கசக்குது. அப்பா வேணாம்னது சரிதான்." ஆனால் சொட்டு விடாமல் குடித்து முடித்தார். குடி என்று சொல்லிவிட்டாரே.

போன மாதம் கல்யாணம் நடந்தது. ஒரே மகளை என் கையில் பிடித்துக் கொடுக்கும்போது கைகாட்டியாரின் தாடை இறுகி இறுகித் துடித்தது. கண் மட்டும் காய்ந்திருந்தது. சொந்தம் எதுவுமில்லாத சூசை அண்ணன் அவருக்கும் சேர்த்து ஓவென்று அழுதார். என் மாமனாரை அந்த நேரத்தில் கல் மனசுக்காரர் என்றே நினைத்தேன். பிறகு எஸ்தர்தான் சொன்னாள். மாமாவின் எட்டு வயதில், அவருடைய தாயை அடக்கம் பண்ணிய அன்று, குழியருகே நின்ற அவரைப் பார்த்து அவருடைய அப்பா, "அழாதடா" என்றாராம்.

அதன்பின் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

கிழவருக்கு இப்போது ஆள் அடையாளம் தப்புகிறது. இந்த ஒரு தடையை அவர் எடுத்தாக வேண்டும். கேட்க வேண்டியவன் நான். வருகிற சனிக்கிழமை முதல் வண்டியிலேயே கிள்ளானுக்குக் கிளம்புகிறோம். மாமாவும் வருகிறார், எதற்கென்று தெரியாமல். இதைப் படித்துத் தெரிந்துகொள்வாரோ என்ற பயம் இல்லை. கதைப் பத்திரிகை தொடாதே என்பது இன்னொரு தடை. பெரிய கைக்குட்டையாகப் பார்த்து ஒன்றை எஸ்தர் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள்.