யாப்பர் போடாத வாக்கு

கனடாவில் இதுவரை வாழ்ந்தவர்களில் சட்டத்தை முழுதாக மதித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் நீதிபதி அல்ல, பொலிஸ்காரரும் அல்ல. ஸ்காபரோவில் காட்போட் பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பெட்டிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தவர். தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் எங்கள் ஊரவர்களுக்கே ஆளைத் தெரியாது. யாப்பர் என்றால் றெக்ஸ்டேலில் இருந்து விட்பி வரை தெரியும்.

யாப்பு என்றதும் வெண்பா, விருத்தம் என்று போய்விடாதீர்கள். எங்கள் ஆட்களின் வாயில் யாப்பு என்றால் அரசியலமைப்பு. நாட்டுக்கும் யாப்பு உண்டு, ஊர்ச் சங்கத்துக்கும் உண்டு. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் யாப்பு பதினெட்டுப் பக்கம், ரோனியோ மெஷினில் பிரதி அடித்தது. யாப்பர் அதை எழுதவில்லை. எழுதியவர்களைவிட அதிகம் வாசித்தவர், அவ்வளவுதான்.

தொண்ணூறில் அவர் ரொறன்ரோ விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது கையில் பாஸ்போட் இல்லை. அதை வழியிலேயே, காசுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் வாங்கிக்கொண்டு போய்விட்டான். குடிவரவு அதிகாரி, ஏதாவது பத்திரம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். யாப்பர் பெட்டியைத் திறந்து யாப்பை எடுத்து நீட்டினார். அதிகாரி பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, இது என்ன என்று மொழிபெயர்ப்பாளரைக் கேட்டார். அரசியலமைப்பு என்றார் அவர். எந்த நாட்டினுடையது என்று அடுத்த கேள்வி வந்தது. யாப்பர் நிமிர்ந்து நின்று எங்கள் ஊரின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரில் ஒரு நாடு இருக்கிறதா என்று சுவரில் தொங்கிய உலகப்படத்தில் அதிகாரி சிறிது நேரம் தேடினாராம்.

இதை எனக்குச் சொன்னவர் யாப்பரின் மனைவி. நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்போம். யாப்பருக்கு இந்தக் கதை கொஞ்சமும் பிடிக்காது.

"அவள் கூட்டிச் சொல்லுறாள். படத்தில தேடேல்லை. புத்தகத்திலதான் தேடினவர்" என்று திருத்துவார்.

நாங்கள் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவர்கள் பதினோராம் மாடி, நான் ஒன்பதாம் மாடி. லிஃப்றுக்குள் பன்னிரண்டு பேர் மட்டும் என்று தகடு அடித்திருக்கும். அதை வாசித்த ஒரே மனிதர் யாப்பர். ஒரு சனிக்கிழமை கதவு மூடப்போகிற நேரம், "நிப்பாட்டுங்கோ" என்று கையைக் குறுக்கே நீட்டி எண்ணத் தொடங்கினார். பதின்மூன்று பேர்.

"கடைசியா ஏறினவர் இறங்கவேணும்."

எல்லோரும் ஆளையாள் பார்த்தோம். கடைசியாக ஏறியவர் யாப்பர்தான். இரண்டு கையிலும் அரிசிப் பைகளோடு இறங்கி, பதினோராம் மாடிக்குப் படியில் ஏறத் தொடங்கினார். அக்கா அசையாமல் உள்ளே நின்றார். "நான் பன்னிரண்டாவது ஆள். எனக்குச் சட்டச் சிக்கல் இல்லை" என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார்.

ஊரில் சண்டையால் சனமெல்லாம் இடம்பெயர்ந்து, சனசமூக நிலையக் கட்டடத்துக்குள் ஆமிக்காரர் இருந்த காலம் அது. இங்கே எழுபது குடும்பம் வரையில் சேர்ந்து சங்கம் தொடங்கினோம். யாப்பர் செயலாளர். நான் உதவிச் செயலாளர், அதாவது கதிரை அடுக்குபவர். புதிதாக ஒரு யாப்பு எழுதுவோமா என்று யாரோ கேட்டார்கள். யாப்பர் பெட்டியைத் திறந்தார். பழைய யாப்பு ஓர் எழுத்தும் மாறாமல் அமுலுக்கு வந்தது.

அதில் ஒரு விதி, மாலைக் கூட்டத்துக்குச் சைக்கிளில் வரும் உறுப்பினர் லாம்பு கொளுத்தி வரவேண்டும் என்றது. 'சைக்கிள்' என்பதைக் 'கார்' என்று மாற்ற எங்களுக்கு இரண்டு பொதுக்கூட்டம் எடுத்தது. முதல் கூட்டத்தில் முன்மொழிந்து, அடுத்த கூட்டத்தில் வாக்கெடுத்து, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு திருத்தம் நிறைவேறியது. யாப்பர் ஆனந்தத்தில் எல்லோருக்கும் கை கொடுத்தார்.

ஏழாம் விதிதான் பொல்லாதது. முன்கூட்டியே எழுத்தில் காரணம் தராமல், தொடர்ந்து மூன்று பொதுக்கூட்டத்துக்கு வராதவருக்கு அந்த வருடம் வாக்கில்லை. பேக்கரியில் வேலை செய்த ஒருவரை நாங்கள் பாண்காரர் என்போம். மூன்று பிள்ளைகளின் தகப்பன், ஞாயிற்றுக்கிழமையும் வேலை. முதன்முதலாக அந்த விதியில் மாட்டியவர் அவர்தான்.

"அண்ணை, ஞாயிறு போகாமல் நிண்டால் வேலை போயிடும். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும். எழுதித் தந்தனீரோ?"

"தெரியுமெண்டால் பிறகேன் எழுதோணும்?"

"எனக்குத் தெரியும். யாப்புக்குத் தெரியாதே."

பாண்காரர் அந்த வருடம் வாக்களிக்கவில்லை. கோபத்தில் இரண்டு மாதம் யாப்பரோடு கதைக்கவும் இல்லை. யாப்பர் சனிக்கிழமைகளில் அவருடைய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். தகப்பன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, அந்த இரண்டு மாதமும் ஒரு சனிக்கிழமை தவறாமல் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு கோட்டுக்காரர் வந்தார். மில்லிக்கனில் பெரிய வீடு, வீடு விற்றுக் கொடுப்பதுதான் தொழில், ஓகஸ்ற் வெய்யிலிலும் கோட்டுப் போடுவார். உதவி என்று கேட்டால் ஓடி வருவார். அகதி விசாரணைக்குப் போகிறவர்களைத் தன் காரில் ஏற்றிப்போய், முடியும்வரை வெளியில் காத்திருந்து கூட்டி வருவார். என் அம்மாவையும் அப்படித்தான் கூட்டிப்போனார். ஆனால் கலைவிழாவுக்கு மைக் செற் வாங்கியபோது செயற்குழுவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று யாப்பர் விசாரித்ததற்கு, "செற் வேலை செய்யுதோ இல்லையோ?" என்று திருப்பிக் கேட்டார். செற் அருமையாக வேலை செய்தது.

அந்த மனிதர் சங்கத்தின் தலைவர் பதவிக்கு நிற்கப்போவதாக அறிவித்தார். ஒரு நிபந்தனை. யாப்பை ஒத்திவைத்து, குழு கிழு எதுவும் குறுக்கே நிற்காமல், முழு அதிகாரத்தையும் தன்னிடம் தரவேண்டும். தந்தால் ஒரே வருடத்தில் சங்கத்துக்குச் சொந்த மண்டபம். எதிர்த்து நிற்க ஆளில்லை. ஓம் அல்லது இல்லை என்று ஒரே வாக்கெடுப்பு, யாப்பை ஒத்திவைப்பதால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

எழுபது குடும்பமும் இரண்டாகப் பிளந்தது. மீட்பர் என்றார்கள் சிலர், சர்வாதிகாரி என்றார்கள் சிலர். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் கேக் வெட்டுமுன் சண்டை தொடங்கியது. ஒருநாள் டோனற் கடை ஒன்றில் யாப்பரும் கோட்டுக்காரரும் நேருக்கு நேர் இருந்து வாதாடினார்கள். நடுவில் நான்.

"உங்கட யாப்பு ஒரு மண்டபம் கட்டுமோ அண்ணை?"

"கட்டாது."

"நான் கட்டுவன்."

"கட்டுவீர். பிறகு உம்மை ஆர் இறக்கிறது?"

"ஏன் இறக்கோணும்? நான் கள்ளனோ?"

"நீர் நல்லவர். நல்லவைக்கும் சேர்த்துத்தான் யாப்பு எழுதினது."

கோட்டுக்காரர் சிரித்தார். யாப்பர் சிரிக்கவில்லை. கோப்பியைத் தள்ளி வைத்துவிட்டு, நான் ஒருபோதும் கேட்டிராத குரலில் கதைத்தார்.

"அங்கை எங்களைக் கேளாமல் நாட்டின்ரை யாப்பை மாத்தினாங்கள். ஒருக்கால் இல்லை, திரும்பத் திரும்ப. நாங்கள் கத்தினம், ஆரும் கேக்கேல்லை. நான் இந்தக் குளிருக்கை பெட்டி மடிக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம். இஞ்சை வந்து எங்கட யாப்பை நாங்களே தூக்கி எறிஞ்சால், அவங்களை என்னெண்டு பிழை சொல்லுறது?"

"அண்ணை, அது நாடு. இது எழுபது குடும்பம்."

"எழுபது குடும்பத்துக்கை ஏலாட்டி நாட்டில எப்பிடி ஏலும்?"

கோட்டுக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் போய்விட்டது என்று எழுந்து, யாப்பரைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

ஆம், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். சொல்ல விரும்பாமலும் இருந்திருக்கலாம். அந்த வருடம் அக்காவுக்குப் புற்றுநோய் கண்டது. வேலை முடிந்து வரும் யாப்பரைத் தினமும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியவர் கோட்டுக்காரர். போகும் வழி முழுவதும் இருவரும் யாப்பைப் பற்றிச் சத்தம் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். ஆஸ்பத்திரி வாசலில், "நாளைக்கு எத்தினை மணிக்கு அண்ணை?" என்பார் ஒருவர். "ஐஞ்சுக்கு" என்பார் மற்றவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் யாப்பர் விடியவே போய்ப் பொழுதுபடும்வரை அக்காவின் கட்டிலடியில் இருப்பார். காரணம் எழுதித் தராமலே மூன்று பொதுக்கூட்டம் அப்படியே போனது. கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். செயலாளர் வரவில்லை என்று மூன்று தடவையும் என் கையால் எழுதினேன். அதற்குமேல் நான் யோசிக்கவில்லை, வேறு ஒருவரும் யோசிக்கவில்லை.

வாக்கெடுப்பு ஒரு மாசி ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில். அன்று யாப்பரை அனுப்பிவைத்ததே அக்காதான். "போய் வோட்டைப் போட்டிட்டு வாங்கோ. நான் ஒரு இடமும் ஓடிப்போகமாட்டன்" என்றாராம். யாப்பர் முன்பு எப்போதோ ஒரு நிகழ்ச்சிக்குப் போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு வந்தார். அது அவருக்கு மிகவும் தொளதொளவென்று இருந்தது. எந்தப் பக்கமாக இருந்தாலும் ஒன்று இரண்டு வாக்கில்தான் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

குடும்பத்துக்கு ஒரு வாக்கு. வந்திருந்தவர்களில் வாக்குரிமை உள்ளவர்களின் பெயர்களைச் செயலாளர் வாசிக்கவேண்டும். அறுபது பெயர் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏழாம் விதிப்படி வாக்குரிமை இழந்தவர்" என்று ஒரு பெயரைச் சொன்னார். தாய் தகப்பன் வைத்த பெயர். சபையில் பாதிப்பேருக்கு அது யாரென்று விளங்கவில்லை. ஆளையாள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது நான்தான்" என்றார் யாப்பர்.

மண்டபம் குழம்பிவிட்டது. எதிர்ப்பக்கத்து ஆட்களும் எழுந்து நின்று, போடுங்கோ அண்ணை, போடுங்கோ என்று கத்தினார்கள். கோட்டுக்காரர் மேடைக்கே ஏறி வந்தார்.

"அண்ணை, இதென்ன விசர் வேலை? ஆஸ்பத்திரியில நிண்டனீங்கள் எண்டு எனக்குத் தெரியாதோ? நான் விடுறன், நீங்கள் போடுங்கோ."

"விடுறதுக்கு நீர் ஆர் தம்பி? அதைத்தானே நான் இவ்வளவு நாளும் கேக்கிறன்."

அப்போது பின்வரிசையில் பாண்காரர் எழும்பினார். "அண்ணை, எனக்குச் செய்ததை மனசில வைச்சுச் சொல்லுறீங்கள். நான் மறந்திட்டன். சத்தியமா மறந்திட்டன். போடுங்கோ."

யாப்பர் அவர் பக்கம் திரும்பினார். "அண்டைக்கு உம்மை வெளியில விட்டிட்டு, இண்டைக்கு நான் மட்டும் உள்ளுக்கை நிக்கிறதோ?" என்றார். எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதிரைக்குப் போனார்கள்.

வாக்குத் துண்டுகளைக் கொடுத்தோம், சேர்த்தோம், நான் எண்ணினேன். ஓம் நாற்பது. இல்லை இருபது. அறுபதில் சரியாக மூன்றில் இரண்டு பங்கு. யாப்பரின் உதடு அசைவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அறுபத்தொன்றாக இருந்திருந்தால் நாற்பத்தொன்று வேண்டும் என்று அவர் கணக்குப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருடைய ஒரு வாக்கு விழுந்திருந்தால் யாப்புத் தப்பியிருக்கும். அவர் நிமிர்ந்து, "யாப்பின்படி நிறைவேறியது" என்று பின்வரிசைக்கும் கேட்க அறிவித்தார். பிறகு இருந்து, யாப்பு ஒத்திவைக்கப்பட்டதை அழகான எழுத்தில் குறிப்பேட்டில் எழுதினார்.

அந்த நாற்பதில் ஒன்று என்னுடையது. அம்மாவைக் காரில் கூட்டிப்போனவர் என்ற நன்றி ஒரு பக்கம். இரண்டு வேலை செய்து களைத்துப்போய், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் திருத்தங்களைக் கேட்டுக்கொண்டிருக்க இனி ஏலாது என்ற அலுப்பு மறுபக்கம். யாப்பர் எப்படியும் வெல்லுவார், என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். கோழைத்தனத்துக்கு வேறு பெயர் தேட நான் விரும்பவில்லை.

கோட்டுக்காரர் எங்கள் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு அந்தக் காருக்குள் சண்டை இல்லை. அக்கா தலையணையில் சாய்ந்தபடி எங்களைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டார்.

"என்னப்பா, தோத்திட்டியளோ?"

"நான் போடேல்லை."

"ஏன்?"

"மூண்டு கூட்டத்துக்கு வரேல்லை."

அக்காவின் முகம் வாடிவிட்டது. "அப்ப என்னாலயோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சீச்சீ, உன்னாலயில்லை. ஏழாம் விதியால."

அக்கா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாக மாறி, தாதி ஓடி வரும்வரை சிரித்தார். யாப்பர் அவருடைய முதுகைத் தடவிக்கொண்டே, இதில சிரிக்க என்ன கிடக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

மண்டபம் வரவில்லை. கோட்டுக்காரர் உண்மையாகவே ஓடித் திரிந்தார். ஆனால் கேள்வி கேட்க இடமில்லாத சங்கத்துக்குச் சனம் வராமல் விட்டது. இரண்டு வருடத்தில் ஒரு ஊருக்கு மூன்று சங்கம் ஆகியது. அதெல்லாம் பிறகு.

அந்த வாக்கெடுப்பு நடந்து ஒன்பதாம் நாள் அக்கா செத்துப்போனார். ஸ்காபரோவில் ஒரு மலர்ச்சாலையில் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். ஓம் போட்டவர்கள், இல்லை போட்டவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்றோம். என் முறை வந்தபோது யாப்பரின் கையைப் பிடித்தேன். காட்போட் வெட்டிய கீறல்களோடு அந்தக் கை சொரசொரப்பாக இருந்தது. வாக்கெடுப்பு நாளிலிருந்து நெஞ்சுக்குள் கிடந்தது என்னை அறியாமல் வெளியே வந்தது.

"அண்ணை, அண்டைக்கு நான்..."

அவருக்கு விளங்கிவிட்டது. மற்றக் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"சொல்லக்கூடாது. ஆர் எதுக்குப் போட்டதெண்டது ரகசியம். பதினாலாம் விதி."

"யாப்புத்தான் இப்ப இல்லையே அண்ணை."

"சங்கத்துக்கு இல்லை. எனக்கு இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீர் தம்பி, அவளுக்கு எத்தினை நாள் சூப் கொண்டந்து குடுத்தனீர். எனக்கு அது போதும்."

நான் அழுதுவிட்டேன். அந்தக் கையை விட எனக்கு மனமில்லை. எனக்குப் பின்னால் கோட்டுக்காரர் முகத்தைத் துடைத்தபடி நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இடம் விட்டு நகர்ந்தேன்.